நாலாவது எலுமிச்சம்பழம்

அத்தியாயம் 11

வீல் ஸ்பேனர் கலைமதியின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி விழுந்தது. சிமெண்ட் பெயர்ந்து அவள் தோளில் கொட்டியது.

அவள் நகரவில்லை. கையில் இருந்த ஆரஞ்சு நிறக் கேபிளைக் கீழே வைக்கவும் இல்லை.

"அடுத்தது மண்டைக்கு வரும்," என்றான் ராஜாமணி.

"குறி பாத்து எறிண்ணா. கார் மேல பட்டுடப் போவுது."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா குப்புராஜ் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். மகனையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. சுவரில் விழுந்த பள்ளத்தைத்தான் பார்த்தார். அது அவர் கட்டிய சுவர்.

அந்தக் கார் அதியமான்கோட்டை சர்வீஸ் ரோட்டிலுள்ள குப்புராஜ் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. கறுப்பு நிறம், இரண்டே கதவு. முன்னால் எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், பின் அச்சில் ஒரு மின் மோட்டார். பெங்களூர்க்காரர் சந்திரமோகனுடையது. கம்பைநல்லூரில் அவருடைய தோட்டத்து வீட்டில் இரண்டு வாரம் சும்மா நின்றபோது எலி கேபிளைக் கடித்திருக்கிறது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கார் மூச்சடைத்து நின்றது. பின்னால் வந்த லாரி பக்கவாட்டில் உரசிவிட்டுப் போனது.

கார் வந்த அன்றைக்கு நடந்ததுதான் இன்னும் ஆறவில்லை. காரோடு வந்த டிரைவர் முருகேஷ், கலைமதி கையுறை மாட்டுவதைப் பார்த்து, "பொம்பளயா தொடப் போவுது? வெளங்கிடும்," என்று சொல்லித் துப்பினான். மறு நொடி ராஜாமணியின் ஸ்பேனர் அவன் வாயில் இறங்கியது. கீழுதட்டில் மூன்று தையல். தங்கையைக் காரில் கை வைக்காதே என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தவனும் அதே ராஜாமணிதான்.

"என் தங்கச்சிய நான் பேசுவன். நீ யார்ரா?"

கார் கிளம்பும்வரை அதை விட்டு நகரக் கூடாது என்று முதலாளி போனில் சொல்லிவிட்டதால், முருகேஷ் மூன்று நாளாக அங்கேயே கிடந்தான். பழைய டயர்களின் மேல் உட்கார்ந்திருப்பான். வீங்கிய உதட்டோடு இட்லியைக் கரைத்துக் குடிப்பான். யாரோடும் பேச்சில்லை. அவன் கண் மட்டும் ராஜாமணி போகிற பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

இன்று நாலு மணிக்குப் பதிவு அலுவலகம். ஒர்க்‌ஷாப் நிலத்தைச் சார்ஜிங் ஸ்டேஷன் கம்பெனிக்குக் கொடுக்கப் பத்திரம் தயார். எல்லாம் ராஜாமணியின் ஏற்பாடு. குப்புராஜ் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் கை கழுவும்போது அவர் மகளிடம் ஒரு வார்த்தை விட்டிருந்தார்.

"நாலு மணிக்குள்ள அந்தக் காரு தன் கால்ல வெளிய போனா நான் கையெழுத்துப் போடல. போவலன்னா நீ பெங்களூருக்கு பஸ் ஏறு."

பெங்களூரில் இப்படிப்பட்ட கார்களைத் திறந்து மூடி ஐந்து வருடம் பழகிய கை அவளுடையது. இன்று மாலைக்குள் அந்தக் கை இந்த ஊரில் இருக்குமா, இருக்காதா?

"கேளு கலை," என்றான் ராஜாமணி. குரல் திடீரென்று இறங்கியது. "எஞ்சின் செத்துடிச்சி. இன்னும் கொஞ்ச வருசத்துல ரோட்டுல பெட்ரோலே இருக்காது. எல்லாம் மிக்சி மாதிரி சுத்தும். மிக்சி ரிப்பேர் பண்ண நான் இந்தத் தொழிலுக்கு வரல. மரியாதையா வித்துட்டுப் போலாம்."

"எல்லாம் ஒரேடியா மாறாதுண்ணா. இந்த மாதிரி வேகமான வண்டி வாங்கறவனுக்குச் சத்தம் வேணும். கவர்மெண்டுக்குப் புகை கூடாது. முழுசா கரண்ட்ல ஓட்டணும்னா பேட்டரி பாறாங்கல்லு மாதிரி கனக்குது. அப்ப நடுவுல நிக்கிறது இதுதான். பத்து வருசமோ பதினஞ்சு வருசமோ. பெங்களூர்லருந்து சேலம் வரைக்கும் இதைப் பயமில்லாம தெறக்க ஒரு கடை இல்ல. நாம தெறக்கலாம். உன் எஞ்சினு, என் கரண்டு."

"ரெண்டுங்கெட்டான் வண்டி. உன்னை மாதிரியே."

"உன் எட்டு சிலிண்டரும் அதுக்குள்ளதான இருக்குது. அத யாரு பாப்பா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான். முதல் நாள் கார் மூடியைத் திறந்தபோது அந்த எஞ்சின் மேல் அவன் உள்ளங்கையை வைத்ததை அவள் பார்த்திருந்தாள். சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல வைத்திருந்தான்.

பதினொன்றரை மணிக்கு அவன் கடப்பாரையோடு வந்தான்.

குடித்திருக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. நேராகக் காரின் பின்பக்கம் போனான். அங்கே தரைப் பலகையைக் கழற்றிப் பேட்டரிப் பெட்டியைத் திறந்து போட்டிருந்தாள்.

"அண்ணா, அதுல வேணாம்."

"இது இருந்தாத்தான ஆட்டம்?"

"நானூறு வோல்ட்டு! பிளக்கைக் கழட்டினாலும் பெட்டிக்குள்ள அது செத்துப் போவாது. நீதான் செத்துப் போவ!"

சர்வீஸ் பிளக் அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்கக் கழற்றுகிற, உள்ளங்கை அளவு ஆரஞ்சுக் கட்டி. அதைக் கழற்றியவள்தான் வைத்திருக்க வேண்டும், வேலை முடியும்வரை வேறு ஒருவர் கைக்கும் போகக் கூடாது. அவள் தொழிலில் அது கோயில் சாவி மாதிரி. ராஜாமணி இடது கையால் அந்தக் கயிற்றைப் பிடித்துச் சுண்டினான். கயிறு அவள் பிடரியை அறுத்தது. அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். சின்ன வயதில் கடித்த அதே இடம். அவன் கயிற்றை விட்டு அவள் கன்னத்தில் அறைந்தான். கீழே விழுந்தவள் எழுவதற்குள் கடப்பாரை தலைக்கு மேல் போயிருந்தது.

சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மஞ்சள் கம்பு அவள் கைக்கு எட்டியது. மின்சாரம் பிடித்த ஆளைத் தள்ளி நின்று இழுத்துப் போடுவதற்கான கம்பு. நுனியில் அரைவட்டக் கொக்கி. அவள் அதைப் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த அன்று, "மாங்கா பறிக்கவா?" என்று ஒர்க்‌ஷாப்பே சிரித்தது.

கொக்கியை அவன் கழுத்தில் மாட்டி இழுத்தாள். ராஜாமணி மல்லாக்க விழுந்தான். கடப்பாரை அவன் முழங்காலில் மோதித் தரையில் உருண்டது. அவன் எழப் பார்த்தபோது கொக்கியை இன்னொரு சுற்று இறுக்கினாள். அவன் முகம் கறுத்தது.

"விடு புள்ள," என்றார் குப்புராஜ். "செத்துடப் போறான்."

"அவன விடச் சொல்லுங்கப்பா."

"அவன் எதைப் புடிச்சிருக்கான்? நீதான் புடிச்சிருக்க."

டயர்களின் மேலிருந்து ஒரு சத்தம் வந்தது. முருகேஷ் சிரிக்கிறான். தையல் பிரிந்து உதட்டில் ரத்தம் வடிந்தது. அதைத் துடைக்காமல் சிரித்தான். ராஜாமணி தரையில் கிடந்தபடியே அவனைப் பார்த்தான். அந்தச் சிரிப்பை அவன் மனதில் எழுதி வைத்துக்கொண்டது கலைமதிக்குத் தெரிந்தது.

மதியம் பெங்களூர் பஸ்ஸில் பார்சலாக வந்த புதுக் கேபிளைப் பொருத்தினாள். கன்னம் ஒரு பக்கம் எரிந்தது. பிடரி இன்னொரு பக்கம் எரிந்தது. மூன்று மணிக்குக் கயிற்றை அவிழ்த்துப் பிளக்கைச் சொருகினாள். ஸ்டார்ட் பட்டனை அமுக்கினாள்.

திரை விழித்தது. பச்சை எழுத்தில் 'ரெடி' என்று வந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் முனகவில்லை, எங்கும் அதிரவில்லை. கார் நடுக்கடல் மாதிரி அமைதியாக இருந்தது. ஆனால் முழுசாக உயிரோடு இருந்தது. அழுகை வந்துவிடும்போல இருந்தது அவளுக்கு.

"அப்பா! வந்து கேளுங்க! ஒண்ணுமே கேக்காது. அதான் கேக்கணும், வாங்க!"

கதவைத் திறந்து போட்டுவிட்டு அப்பாவைக் கைபிடித்து அழைத்துவர ஓடினாள். இறங்கும்போது ஆஃப் செய்து சாவியைப் பையில் போட வேண்டும். ஐந்து வருடத்தில் ஒரு நாளும் அதை அவள் மறந்ததில்லை.

குப்புராஜ் வந்தார். குனிந்து காரின் பக்கம் காதைக் கொடுத்தார். நிமிர்ந்தார்.

"ராஜாமணி. பழம் கொண்டா."

அடிபட்டு வந்த வண்டி எதுவும் அந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து திருஷ்டிக் கழிப்புக் கழிக்காமல் போனதில்லை. பூசணிக்காயில் குங்குமம் தடவி உடைப்பார்கள். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். வண்டியைக் கொண்டுவந்த டிரைவர்தான் பழத்தின் மேல் ஏற்றி ஓட்ட வேண்டும், பழம் வைப்பது மூத்த மகன். இருபது வருடமாக ராஜாமணி வைக்கிறான்.

அவன் பழமும் குங்குமம் தடவிய பூசணிக்காயுமாக வந்து, காயைக் காருக்கு முன்னால் வைத்தான். கழுத்தில் கொக்கியின் தடம் சிவந்திருந்தது. தங்கையைப் பார்க்காமல் கார் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தான். கண்ணை மூடிக் கேட்டான். லாரி, டிராக்டர், பஸ், எதுவானாலும் அவன் அப்படித்தான் பார்ப்பான். கை அதிர்ந்தால் வண்டி ஓடுகிறது. அதிராவிட்டால் நிற்கிறது.

கை அதிரவில்லை.

பின் சக்கரங்களுக்கு இரண்டு பழம் வைத்தான். முன்னால் வந்து இடது சக்கரத்துக்கு ஒன்று. முருகேஷ் டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினான். ராஜாமணி வலது சக்கரத்தின் முன்னால் முட்டி போட்டு, நாலாவது பழத்தை டயருக்கு அடியில் நகர்த்தி வைத்தான்.

அப்பாவின் தோளுக்கு மேலாகக் கண்ணாடி வழியே கலைமதி திரையைப் பார்த்தாள். பச்சை எழுத்து அப்படியே இருந்தது.

"அண்ணா, ஆன்ல இருக்குது!"

சத்தமே இல்லாமல் கார் அசைந்தது. பழம் நசுங்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னாலேயே வேறு ஒரு சத்தம் கேட்டது. ராஜாமணி அலறினான். அவன் வலது கைவிரல்களின் மேல் ஏறி நின்றது சக்கரம். ஏறி, அங்கேயே நின்றது.

அவள் யோசிக்கவில்லை. காலையிலிருந்து பக்கத்திலேயே வைத்திருந்த மஞ்சள் கம்பு கைக்கு வந்தது. கொக்கி அவன் சட்டைக் காலரில் மாட்டியது. உடம்பின் மொத்த எடையையும் பின்னால் சாய்த்து இழுத்தாள். அதே நொடியில் கார் பாய்ந்தது. அவன் தலை இருந்த இடத்தை டயர் தாண்டிப் போயிற்று. பூசணிக்காய் சிதறியது. வண்டி தூக்கும் லிஃப்டின் இரும்புத் தூணில் முன்பக்கம் மோதி நின்றபோதுதான் எட்டு சிலிண்டரும் விழித்துக்கொண்டு கர்ஜித்தது. இருபது வருடம் ராஜாமணி காத்திருந்ததுபோன்ற ஒரு கர்ஜனை. ஆனால் அவன் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குங்குமம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. நடுவிரலும் மோதிர விரலும் அவனுடையவை மாதிரியே இல்லை.

ஆம்புலன்ஸில் அப்பாவும் வீட்டிலிருந்து ஓடிவந்த அண்ணி சுகுணாவும் ஏறினார்கள். அந்தக் களேபரத்தில் முருகேஷ் எப்போது இறங்கினான், எந்தப் பக்கம் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியாக அவன் சொன்னதைப் பக்கத்து டீக்கடைக்காரர் கேட்டிருந்தார். "கால் வழுக்கிடிச்சி."

கலைமதி ஆம்புலன்ஸில் ஏறவில்லை. அதற்காக வெட்கப்பட்டாள், ஆனாலும் ஏறவில்லை. லேப்டாப்பைக் காரில் சொருகினாள். இப்படிப்பட்ட கார் எதிலாவது மோதினால், மோதுவதற்கு முந்தைய சில நொடிகளைத் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். எந்தப் பெடலில் எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்று. அந்த ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆக்சிலரேட்டர், லேசாக. சரி. பழத்தின் மேல் ஏற்றத்தான்.

பிறகு பிரேக். ஒரு நொடிக்கும் மேல், ஆழமாக.

பிறகு பிரேக் விடுபட்டிருந்தது. ஆக்சிலரேட்டர் கடைசிவரை, முழுசாக.

அவள் மூன்று முறை படித்தாள். பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தவர்களைப் பெங்களூரில் பார்த்திருக்கிறாள். இது அப்படியில்லை. கால் பிரேக்கைத் தேடிக் கண்டுபிடித்திருந்தது. சக்கரத்துக்கு அடியில் ஒருவன் கை இருக்கும்போது அது அங்கேயே ஒரு நொடி நின்று யோசித்திருந்தது.

தர்மபுரி அரசு ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. ஒர்க்‌ஷாப் விபத்து என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போயிருந்தார். வராந்தாவில் சுகுணா அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

"கம்பு புடிச்சி இழுத்தியே, நல்லாரு. ஆனா அந்தப் பேய் வண்டிய வூட்டுக்குள்ள வுட்டது யாரு? நீதான?"

குப்புராஜ் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். வேட்டியில் மகனின் ரத்தம் காய்ந்திருந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீசு," என்றார். "ஆளைத் தின்ற மெஷின வெச்சி நான் சாப்புட மாட்டன்."

"மெஷின் இல்லப்பா..."

"அப்ப யாரு?"

 தோள்பையில் லேப்டாப் கல்லாகக் கனத்தது. காட்டினால் மெஷின் மேல் பழி இல்லை. ஒர்க்‌ஷாப் பிழைக்கும், அவளும் ஊரில் இருப்பாள். முருகேஷ் உயிரோடு இருக்க மாட்டான்.

ராஜாமணியை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டுபோகத் தயாராக ஸ்ட்ரெச்சரில் வைத்திருந்தார்கள். வலது கை துணிமூட்டையாக இருந்தது. இடது கையில் போன் இருந்தது. தங்கையைத் தலையை ஆட்டி அருகில் கூப்பிட்டான்.

"கை வெச்சிப் பாத்தன் கலை. அதிரவே இல்ல. இருவது வருசத்துல என் கை பொய் சொன்னதில்ல." துணிமூட்டையான கையை வெறித்துப் பார்த்தான். அவனை அப்படி அவள் பார்த்ததே இல்லை. "சொல்லு. வண்டியா, ஆளா? நீ படிச்சிருப்ப. உன்ன எனக்குத் தெரியும்."

"நான்," என்றாள். "ஆஃப் பண்ணாம எறங்கினது நான்தாண்ணா. உன் கை பொய் சொல்லல. நான்தான் ஆன்ல வுட்டன்."

அவன் அவளையே பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்திருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"அது சரி. மிதிச்சது?"

"என்னாண்ணா?"

"நம்ம பசங்க முருகேஷ அரூர் பஸ் ஸ்டாண்டுல புடிச்சிட்டாங்க. திருவண்ணாமலை பஸ் ஏறப் போனானாம். இப்ப வண்டில வெச்சிக்கிட்டு நிக்கிறாங்க." போனைத் தூக்கிக் காட்டினான். அழைப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம். "நீ ஒரு வார்த்தை சொல்லு. வழுக்கினதா, மிதிச்சதா? வழுக்கினதுன்னா வுட்டுடச் சொல்றன். சத்தியமா."

வராந்தாவின் கோடியில் அப்பா நின்றுகொண்டு கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. உண்மையான பதில் ஒர்க்‌ஷாப்பைக் கொடுக்கும். பொய்யான பதில் ஓர் உயிரைக் காக்கும். அவள் காலையில் சுவரில் விழுந்த பள்ளத்தை நினைத்துக்கொண்டாள். ஓர் அங்குலம் இந்தப் பக்கம் வந்திருந்தால் இன்றைக்கு யார் யாரைத் தேடிப் போயிருப்பார்கள்?

"வழுக்கிடிச்சிண்ணா," என்றாள். "படிச்சிப் பாத்தன். கால் மாறிடிச்சி. அவ்ளோதான்."

குப்புராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாளைப் பத்து மணிப் பத்திரம் உறுதியாகிவிட்டது.

ராஜாமணி நீண்ட மூச்சு விட்டான். போனை வாய் அருகே கொண்டுபோனான். "டேய். வுட்டுடுங்கடா அவன..."

"வழுக்கல."

ஸ்பீக்கரில் வந்த குரல் பிசிறியது. தையல் பிரிந்த உதட்டின் குரல்.

"எனக்காக அந்தப் பொண்ணு பொய் சொல்ல வேணாம். மூணு நாளு நாய் மாதிரி டயர் மேல குந்திக்கிட்டு இருந்தன். பிரேக்கு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சிதான் ஆக்சிலேட்டர மிதிச்சன்."

கலைமதி போனைப் பறிக்கப் பாய்ந்தாள். ராஜாமணி போனை நெஞ்சில் போட்டுவிட்டு இடது கையால் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். நர்ஸ் ஒருத்தி ஸ்ட்ரெச்சரைத் தள்ளத் தொடங்கினாள்.

போனில் ஒரு கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

அவள் போன் திரையைப் பார்த்தாள். அழைப்பு துண்டிக்கப்படவில்லை. பச்சை நிறத்தில் நொடிகள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.